ஒரு பழைய அமெரிக்க டாக்டரின் கடிதங்களை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: "அமெரிக்க விடுதலைக் காலத்து மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷின் கடிதங்களைப் படிக்கலாம் என்று இருக்கிறேன். மனைவிக்கு எழுதியது, மாணவனுக்கு எழுதியது, ஜனாதிபதிகளுக்கு எழுதியது என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. எனக்கு மருத்துவ வரலாறுதான் வேண்டும். சொந்தக் கடிதங்களைத் தள்ளிவிட்டுத் தொழில் கடிதங்களை மட்டும் படித்தால் போதுமா?"

போதாது. அப்படிப் படித்தால் பாதி ரஷ்தான் கிடைப்பார், அதுவும் அச்சுக்காகத் தலைவாரிக்கொண்டு நிற்கும் பாதி. அவருடைய மருத்துவத்தில் எது நன்றாக இருந்தது, எது ஆளைக் கொன்றது என்பது வீட்டுக்கு எழுதிய கடிதங்களில்தான் அதிகம் தெரிகிறது. தொழில், சொந்தம் என்று நாம் போடும் கோடு அவருக்குத் தெரியாது. ஒரே தாளில் சாவு எண்ணிக்கையும் இருக்கும், பிள்ளைகளுக்கு முத்தமும் இருக்கும்.

ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1746-இல் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். எடின்பரோவில் படித்து 1768-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 1783 முதல் 1813-இல் சாகும்வரை பென்சில்வேனியா மருத்துவமனையில் வேலை. அந்தக் காலத்து அமெரிக்காவில் அவரளவுக்கு மாணவர்களை உருவாக்கிய மருத்துவ ஆசிரியர் இல்லை என்றே சொல்லலாம். எழுதவும் சளைக்காதவர். ஸ்காட்லாந்தில் மாணவராக இருந்தபோதே, பிரின்ஸ்டன் கல்லூரிக்குத் தலைவராக வரும்படி ஜான் விதர்ஸ்பூன் என்ற பாதிரியாரைக் கடிதம் எழுதியும் நேரில் போயும் கரைத்தார். விதர்ஸ்பூனின் மனைவிக்குக் கடல் பயணம் என்றாலே பயம். அதையும் சமாளித்தார். பிறகு 1776 ஜனவரியில் ரஷ்ஷுக்கும் ஜூலியா ஸ்டாக்டனுக்கும் திருமணம் நடத்திவைத்தவர் அதே விதர்ஸ்பூன்தான்.

இந்த ஜூலியாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தள்ளிவிடலாமா என்று கேட்ட கடிதங்கள் பெரும்பாலும் அவருக்கு எழுதியவை.

1793-இலிருந்து தொடங்குங்கள். அந்த வருடம் ஆகஸ்டில் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. அப்போது அதுதான் நாட்டின் தலைநகரம், சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊர். நவம்பரில் குளிர் வந்து நோய் அடங்குவதற்குள் ஏறக்குறைய 5,000 பேர் செத்துப்போனார்கள். ஜனாதிபதி வாஷிங்டன் உட்பட, வசதியிருந்தவர்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். ஜூலியாவும் குழந்தைகளும் நியூ ஜெர்சியில், அவருடைய பிறந்த வீட்டுப் பக்கம் இருந்தார்கள். ரஷ் நகரத்திலேயே தங்கினார். கிட்டத்தட்ட தினமும் மனைவிக்கு எழுதினார்.

ஆகஸ்ட் 21-ஆம் தேதிக் கடிதத்தில் முதல் செய்தி: வாட்டர் தெருவில் ஒரு கொடிய காய்ச்சல், ஏற்கெனவே 12 பேரைக் கொண்டுபோய்விட்டது. கப்பல்துறையில் அழுகிக் கிடந்த காபி மூட்டைகளின் நாற்றம்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மறுநாள் கடிதம் வேறு உலகம். கறுப்பின மக்களுக்கென்று கட்டப்பட்டுவந்த தேவாலயத்துக்குக் கூரை ஏற்றிய நாள் அது. ஊருக்கு வெளியே மரத்தடியில் விருந்து. முதல் பந்தியில் வெள்ளையர்கள் உட்கார, கறுப்பர்கள் பரிமாறினார்கள். அடுத்த பந்தியில் கறுப்பர்கள் உட்கார, வெள்ளையர்கள் பரிமாறினார்கள். அடிமைத்தனம் போய் அந்த இடத்தில் ஆப்பிரிக்கத் தேவாலயங்கள் எங்கும் எழட்டும் என்று ரஷ் வாழ்த்துச் சொன்னார். (அடிமை முறையை எதிர்த்து 1773-லேயே எழுதியவர் ரஷ். ஆனால் அதன் பிறகு தாமே வில்லியம் என்ற ஒரு அடிமையை வாங்கி வைத்திருந்தார், 1794-இல்தான் விடுவித்தார். இந்த முரணை அவருடைய கடிதங்கள் எங்கும் சரிக்கட்டித் தரவில்லை.)

பந்தியில் மாறி மாறிப் பரிமாறிக்கொண்ட அதே மக்களிடம்தான் சில நாட்களில் ரஷ் உதவி கேட்டார். கறுப்பர்களுக்கு இந்த நோய் தொற்றாது என்று சார்ல்ஸ்டன் மருத்துவர் ஒருவர் பல வருடங்களுக்கு முன் எழுதியதை அவர் நம்பினார். அதனால் நோயாளிகளைக் கவனிக்க வாருங்கள் என்று கேட்டார். கறுப்பின மக்களின் தலைவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தங்கள் சங்கத்தினரோடு இறங்கி வேலை செய்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்டார்கள், பிணம் தூக்கினார்கள், ரஷ் சொல்லிக்கொடுத்தபடி ரத்தமும் எடுத்தார்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஜூலியாவுக்கு எழுதும்போது, கறுப்பர்களும் எங்கும் நோயில் விழுகிறார்கள், முன்னால் நின்ற ஆலனுக்கே உடம்பு மிக மோசம் என்கிறார். ஒரு மருத்துவக் கோட்பாடு உடைந்ததை அவர் பதிவு செய்த இடம் மனைவிக்கு எழுதிய கடிதம். நீங்கள் தள்ளிவிட நினைத்த வகைக் கடிதம்.

இனி அவருடைய சிகிச்சைக்கு வருவோம். 10 கிரெய்ன் (அந்தக் கால மருந்து எடை அளவு) கேலோமெல், 15 கிரெய்ன் ஜாலப். முதலாவது பாதரச உப்பு, இரண்டாவது கடும் பேதியை உண்டாக்கும் ஒரு வேர்ப் பொடி. அதோடு ரத்தம் எடுத்தல், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நோய் 'அடங்கும்' வரை. மனித உடலில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்பதையே அவர் உண்மையில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டிருந்தார். அதனால் எவ்வளவு எடுத்தாலும் இன்னும் பாக்கி இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றியது.

செப்டம்பர் 10-ஆம் தேதி, இன்று பார்த்த நூறு நோயாளிகளில் ஒருவரைக்கூட இழக்கவில்லை, கடவுளுக்கு நன்றி என்று குறித்துக்கொண்டார். இந்தக் காய்ச்சல் பற்றிய தம்முடைய நூலிலும் அதை அச்சிட்டார். அதை மட்டும் படிப்பவருக்கு அவர் ஒரு வெற்றி வீரர். அதே வாரங்களின் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வீட்டிலிருந்த ஐந்து பயிற்சி மாணவர்களில் மூன்று பேர் போகிறார்கள். அக்டோபர் முதல் தேதி அக்கா ரெபேக்கா போகிறார். ரஷ்ஷையே காய்ச்சல் பிடிக்கிறது. தமக்கும் அதே மருந்தைக் கொடுத்துக்கொள்கிறார், ரத்தமும் எடுக்கச் சொல்கிறார். பிழைத்தும் விடுகிறார். அதோடு அவருடைய நம்பிக்கை கல்லாகிவிடுகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது: அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. கதவு கதவாகப் போனார், காசு கொடுக்க முடியாதவர்களையும் பார்த்தார், அக்கா இறந்த ஒரு மணி நேரத்தில் வண்டியேறி அடுத்த நோயாளியிடம் போனார். சிகிச்சை தப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு வரவே இல்லை. பிழைத்தவர்கள் மருந்தால் பிழைத்தார்கள், செத்தவர்கள் மருந்து தாமதமாகப் போனதால் செத்தார்கள். இப்படிக் கணக்கு வைத்தால் யாரும் தோற்கவே முடியாது. அந்தக் கருணையும் இந்தப் பிடிவாதமும் ஒரே ஆளின் ஒரே குணத்திலிருந்து வந்தவை என்பதை நூல் சொல்லாது, கடிதம் சொல்லிவிடும். அந்த வருடம் கொசு மிக அதிகம் என்று தம்முடைய நூலில் அவரே போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கொசுதான் நோயைப் பரப்புகிறது என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் சொன்னார். அது நிரூபணமாக 1900 வரை ஆனது.

அந்த வாரங்களில் அரசியலும் உள்ளே புகுந்தது. நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கும் காய்ச்சல் வந்து, எட்வர்ட் ஸ்டீவன்ஸ் என்ற மருத்துவர் சிங்கோனா பட்டை, ஒயின், குளிர்நீர்க் குளியல் என்ற மென்மையான முறையில் பார்த்தார். ஹாமில்டன் பிழைத்து, அந்த முறையைப் புகழ்ந்து பகிரங்கமாக எழுதினார். ரஷ்ஷுக்குக் கோபம். எலியாஸ் பூடினாட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஹாமில்டனின் அரசியல் எதிரிகளான ஜெபர்சன், மேடிசன் பக்கம் நிற்பவனைத் தவிர வேறு யாராவது இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்திருந்தால் ஹாமில்டன் இவ்வளவு எதிர்த்திருக்கமாட்டார் என்று பொருமுகிறார். பூடினாட் யார் தெரியுமா? ஜூலியாவின் தாய்மாமன். ஜூலியாவின் அத்தையைக் கட்டியவரும் அவரே. நம் ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் என்போமே, அதுதான். ஆக இது தொழில் கடிதமா, அரசியல் கடிதமா, குடும்பக் கடிதமா? வகை பிரிக்க உட்கார்ந்தால் முதல் நாளே கை ஓய்ந்துவிடும். அந்த நவம்பரில் சக மருத்துவர்களோடு கசந்துபோய், பிலடெல்பியா மருத்துவர் சங்கத்திலிருந்து ரஷ் விலகினார்.

கடிதம் அவரைக் காட்டிக்கொடுத்த சம்பவமும் உண்டு. விடுதலைப் போரில் ராணுவ மருத்துவமனைகளில் வேலை செய்தபோது அவர் கண்டது கொடுமை. ஆறு எட்டு பேர் இருக்கக்கூடிய அறையில் 20 நோயாளிகள் கிடந்ததை 1777 டிசம்பரில் வாஷிங்டனுக்கே மரியாதையாக எழுதினார். சரி, நல்ல காரியம். அப்புறம் மூன்று வாரம்கூட ஆகவில்லை, 1778 ஜனவரி 12 அன்று வர்ஜீனியா ஆளுநர் பாட்ரிக் ஹென்றிக்குக் கையெழுத்தில்லாத ஒரு கடிதம். வாஷிங்டனை மாற்றினால்தான் ராணுவம் உருப்படும் என்ற தொனியில் எழுதிவிட்டு, இந்தக் கடிதத்தை நெருப்பில் போட்டுவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். ஹென்றி நெருப்பில் போடவில்லை, நேராக வாஷிங்டனுக்கே அனுப்பிவிட்டார். வாஷிங்டன் எழுத்தைப் பார்த்ததும் ஆளைக் கண்டுபிடித்தார். என்னிடம் அத்தனை அன்பு காட்டி எழுதியவர் ஆயிற்றே என்ற வகையில் ஹென்றிக்குப் பதில் போட்டார். இந்த மூன்று கடிதங்களையும் தேதி வரிசையில் அடுத்தடுத்துப் படித்தால் நாவலே வேண்டாம்.

தொழில் கடிதங்களைப் பற்றி ஒரு நடைமுறைத் தகவல். அன்று தொலைவிலிருந்த நோயாளி தபாலில்தான் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பார். நாடி பார்க்காமல், நாக்கைப் பார்க்காமல், எழுதி வந்த வர்ணனையை மட்டும் வைத்துப் பதில் எழுத வேண்டும். உறை கிடையாது. தாளையே மடித்து அரக்கு வைத்தார்கள். 1792 சட்டப்படி தூரத்தைப் பொறுத்து ஒரு தாளுக்கு 6 முதல் 25 சென்ட், பெரும்பாலும் பெறுபவர் தலையில். ஜனாதிபதி ஜெபர்சனே 1803 பிப்ரவரியில் ரஷ்ஷுக்கு எழுதிய கடிதத்தில் தம் வயிற்றுத் தொல்லையைச் சொல்லிக்கொண்டார். அந்தக் கடிதத்தின் முக்கிய விஷயம் வேறு. மேற்கே கண்டறியாத நிலத்துக்கு மெரிவெதர் லூயிஸ் என்ற அதிகாரியை அனுப்பப்போகிறேன், அவர் எதையெல்லாம் விசாரித்து வர வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்.

ரஷ் அனுப்பிய கேள்விகள் அவருடைய மூளை எப்படி ஓடும் என்பதற்குச் சரியான மாதிரி. பூர்வகுடி மக்களின் நாடித்துடிப்பு காலை, மதியம், இரவில் எவ்வளவு? எந்த வயதில் திருமணம்? குழந்தைக்கு எத்தனை காலம் பால்? தற்கொலை உண்டா, காதலால் உண்டா? அவர்களுடைய சடங்குகளுக்கும் யூதர்களின் சடங்குகளுக்கும் ஒற்றுமை இருக்கிறதா? அதோடு லூயிஸுக்கு உடல்நல விதிகளும் எழுதிக் கொடுத்தார்: உடம்பு லேசாகச் சரியில்லை என்றாலும் நடந்து சமாளிக்கப் பார்க்காதே, படுத்துக்கொள், காலையில் குளிர்ந்த நீரில் கால் கழுவு, மலச்சிக்கல் நோய் வரப்போவதன் அறிகுறி, பேதி மாத்திரை போடு. அந்த மாத்திரையில் பாதரசம். பயணக் குழு 50 டஜன் எடுத்துப்போனது. இரு நூற்றாண்டு கழித்து மொன்டானாவில் அவர்கள் தங்கிய ஓர் இடத்தின் கழிப்பிடக் குழியில் பாதரசத் தடயம் கிடைத்ததால் தொல்லியலாளர்கள் இடத்தை உறுதி செய்துகொண்டார்கள். அந்த மாத்திரையால் வந்த நன்மைகளில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1793-க்கு அடுத்து நீங்கள் நிதானமாக உட்கார வேண்டிய வருடம் 1810.

மனநோயாளிகளுக்காக ரஷ் பேசியது அவருக்குப் பெருமை சேர்த்த பணி. 1789-லேயே மருத்துவமனை நிர்வாகிகளுக்கு எழுதி, மனநோயாளிகளை அடைத்திருக்கும் அறைகள் குளிர்காலத்தில் ஈரம், வெயில் காலத்தில் புழுக்கம், ஒருவர் வாழத் தகுதியற்றவை என்று சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் சரியான அலுவலகக் கடிதம். காரணம், கோரிக்கை, கையெழுத்து.

1810 ஜூனில், எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜேம்ஸுக்கு எழுதுகிறார். பைத்தியத்தைத் தணிக்க ஒரு நாற்காலி செய்திருக்கிறேன், உடம்பின் எல்லாப் பகுதியையும் அசையாமல் கட்டிவைக்கும், நாக்கையும் கோபத்தையும் அடக்கும் என்று உற்சாகமாக விவரிக்கிறார். 'அமைதியூட்டி' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். ஒரு தந்தை தன் மகனுக்குப் புதுக் கருவியைப் பெருமையோடு காட்டும் கடிதம்தான் அது. இன்று படத்தைப் பார்த்தால் நமக்குச் சித்திரவதைக் கருவி போலத் தெரியும். அவர் மனதில் அது கருணை, ஏனென்றால் அதற்கு முந்தைய வழிகள் சங்கிலியும் சாட்டையும்.

அதே வருடம் செப்டம்பரில் நிர்வாகிகளுக்கு இன்னொரு கடிதம். மனநோயாளிகளுக்கு நெசவு, நூற்பு, தோட்டவேலை என்று கைக்கு வேலை கொடுங்கள், நல்ல மெத்தை கொடுங்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசவும் படித்துக்காட்டவும் தகுதியான ஆட்களை வையுங்கள் என்று கேட்கிறார். 1789 கடிதத்தின் தொடர்ச்சி என்று நினைத்துக் கடந்துபோகலாம். தொழில் கடிதங்களை மட்டும் படிப்பவர் நிச்சயம் கடந்துபோவார்.

இப்போது 1811 ஜனவரி 2-ஆம் தேதி ஜெபர்சனுக்கு எழுதியதைப் பாருங்கள். மூத்த மகன் ஜான் கடற்படையில் இருந்தவர். 1807-இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் தம் நண்பரான சக அதிகாரியைக் கொன்றவர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மனம் பேதலித்துவிட்டது. இப்போது பென்சில்வேனியா மருத்துவமனையின் ஓர் அறையில் இருக்கிறான், அங்கேயேதான் அவன் வாழ்நாள் முடியும் என்று அஞ்சவேண்டியிருக்கிறது என்று எழுதுகிறார். ஜான் அங்கு சேர்ந்தது 1810-இன் தொடக்கத்தில். ஆக நாற்காலிக் கடிதமும் நிர்வாகிகளுக்கான கடிதமும் எழுதப்பட்டபோது மகன் அதே கட்டடத்தில் இருந்தார். நிர்வாகிகளுக்கு எழுதியதில் ரஷ் ஒரு மருத்துவராகத்தான் பேசுகிறார். ஆனால் மெத்தையும் பேச்சுத் துணையும் யாரை நினைத்து எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தகப்பன் பயந்தபடியே நடந்தது. ஜான் 1837-இல் அங்கேயே இறந்தார். ரஷ் மனநோய்கள் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டது 1812-இல்.

கடைசியாக, முன்னாள் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸோடு நடந்த கடிதப் போக்குவரத்து. 1805-இல் ஆடம்ஸ்தான் ஆரம்பித்தார்: நீங்களும் நானும் விடைபெற்றுக்கொள்ளாமல் சாகக்கூடாது என்று தோன்றுகிறது என்று. அந்த விடைபெறல் எட்டு வருடம் நீடித்தது. இரண்டு கிழவர்களும் கனவுகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். 1808-இல் ரஷ் எழுதிய கனவில் அவர் ஜனாதிபதியாகிறார், சாராயத்தைத் தடை செய்கிறார், நாடே எதிர்த்து நிற்கிறது. கடைசியில் ஒரு பெரியவர் வந்து, பழக்கத்தின் ஆட்சிக்கு முன்னால் உன் சட்டம் செல்லாது, போய் வாத்தியார் வேலையைப் பார் என்கிறார். மதுவிலக்கு பற்றி இவ்வளவு நேர்மையான கனவை அரசியலில் இருப்பவர்கள் யாராவது கண்டிருப்பார்களா தெரியவில்லை.

1809 அக்டோபர் 17 கனவு இன்னும் பிரபலம். மகன் ரிச்சர்ட் எதிர்கால வரலாற்று நூல் ஒன்றைப் படித்துக்காட்டுகிறானாம். அதில் ஆடம்ஸும் ஜெபர்சனும் பகையை மறந்து கடிதம் எழுதிக்கொள்கிறார்கள், ஏறக்குறைய ஒரே சமயத்தில் இறக்கிறார்கள். ஆடம்ஸ், இது வரலாறு அல்ல, ஆனால் தீர்க்கதரிசனமாகலாம் என்று பதில் போட்டார். 1812 புத்தாண்டு நாளில் அவர் ஜெபர்சனுக்கு எழுதினார், இருவரும் 1826 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள். இதை அமானுஷ்யமாகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. ரஷ் இரண்டு பக்கமும் வருடக்கணக்கில் தூது போய்க்கொண்டிருந்தார். நேரடியாகச் சொன்னால் ஆடம்ஸ் முறைப்பார், கனவு என்றால் சிரித்துக்கொண்டே கேட்பார். நல்ல மருத்துவருக்குக் கசப்பு மருந்தை எதில் கலப்பது என்று தெரியும்.

ஆடம்ஸுக்கு எழுதியவற்றில் 1811 ஜூலை 20 கடிதத்தையும் விடாதீர்கள். பிரகடனத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்திட எழுந்து போனபோது சபையில் நிலவிய கனத்த மௌனத்தை நினைவுகூர்கிறார். அதைக் கலைத்தது பருத்த உடம்புக்காரரான ஹாரிசன், ஒல்லியான ஜெர்ரியிடம் சொன்ன பேச்சு: நம்மைத் தூக்கில் போடும்போது நான் கனத்தினால் சில நிமிடத்தில் போய்விடுவேன், நீ ஒன்றிரண்டு மணி நேரம் காற்றில் ஆடவேண்டியிருக்கும். அருமையான கதைதான். ஆனால் 35 வருடம் கழித்து எழுதியது என்பதை மறக்கக்கூடாது. 1793-இல் அன்றன்று ராத்திரி எழுதியதையும், முதுமையில் நினைவிலிருந்து எழுதியதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இனி எங்கே கிடைக்கும் என்பது. எல்.எச். பட்டர்ஃபீல்ட் தொகுத்து 1951-இல் வெளியான இரண்டு பாகங்கள்தான் அடிப்படை நூல். அதில் ரஷ் எழுதியவை மட்டும் இருக்கும், அவருக்கு வந்தவை இருக்காது. 1793 கடிதங்கள் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே வருகின்றன. ஆடம்ஸ், ஜெபர்சன், வாஷிங்டன் சம்பந்தப்பட்டவற்றை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் காசில்லாமல் இரண்டு பக்கமும் சேர்த்துப் படிக்கலாம். ஜூலியாவுக்கு எழுதியவற்றை அங்கே தேடாதீர்கள், அதற்குப் பட்டர்ஃபீல்ட்தான். ஏதாவது ஒரு வாரத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், 1793 ஆகஸ்ட் 21-இல் ஆரம்பியுங்கள், எந்தக் கடிதத்தையும் தாண்டாமல்.